கொரட்டூர் தாண்டினால் கீழே வைக்க முடியாது

நான் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், தைப்பிங்கில், முப்பத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டினேன். அத்தனை காலத்தில் நான் எழுதியதிலேயே நீளமானது, ஒரு வேன்காரன் என் வண்டியின் பின்னால் வந்து மோதியபோது போலீசுக்குக் கொடுத்த அறிக்கைதான். அதையும் வசந்திதான் திருத்திக் கொடுத்தாள்.

வசந்தி என் மனைவி. திருமுல்லைவாயிலில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு தைப்பிங் வந்தவள். வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறாள். சாதம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தால், அம்மணி கதையில் ஏதோ நல்ல கட்டத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம். போன ஆண்டு அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. அப்புறம் மருந்து, மயக்கம், வாந்தி என்று ஏழு மாதம். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார் டாக்டர். சாப்பிடுகிறாள், நடக்கிறாள், தொலைக்காட்சியில் யாரோ சமைப்பதைப் பார்க்கிறாள். படிக்க மட்டும் மாட்டேன் என்கிறாள். இரண்டு பக்கம் புரட்டுவாள், மூடிவிடுவாள். "கண்ணு ஓடுது, மனசு கூட வரமாட்டேங்குது" என்றாள் ஒரு நாள்.

அடுத்த வாரமே, அலமாரியை அப்படியே தமிழ் மன்றத்துக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரு சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்களும் தலையாட்டிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. கோபம் யார் மேல் என்றுதான் எனக்கே தெரியவில்லை.

இதற்கு நடுவில் அவள் அண்ணன் மகனுக்குப் பூந்தமல்லியில் கல்யாணம். அவளால் அவ்வளவு தூரம் வர முடியாது. நீங்கள் போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றாள். "புத்தகம் கித்தகம்னு எதையும் தூக்கிட்டு வந்துடாதீங்க" என்றும் சொன்னாள். அப்போதே முடிவு செய்தேன், ஒன்றாவது தூக்கிக்கொண்டு வந்தே தீருவது என்று. மன்றத்துக்காரர்கள் வருவதற்கு முன்னால் அவளை ஒரு புத்தகமாவது படிக்க வைக்க வேண்டும். எந்தப் புத்தகம்? அதுதான் தெரியவில்லை. டயர் என்றால் தட்டிப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை திருமுல்லைவாயிலில் வசந்தியின் தங்கை கலா வீட்டில் இறங்கினேன். கலா, பார்க் டவுன் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் புருஷனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட். நான் அங்கிருந்த நாட்களில் அவரைக் கண் திறந்த நிலையில் பார்த்தது இரண்டே முறை. வஞ்சிரம் வறுத்திருந்தாள். எங்கள் ஊரில் மீன் குழம்பில் இஞ்சிப்பூ போடுவோம் என்று சொன்னேன். "அது எதுக்கு மாமா, மீனுக்கு மாலையா?" என்றாள். வாயை மூடிக்கொண்டு இன்னொரு துண்டு போடச் சொன்னேன்.

சாப்பாட்டுக்கு அப்புறம் அலமாரி விஷயத்தைச் சொன்னேன். கலா கையைக்கூடக் கழுவாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக் குடுத்ததே அக்காதான் மாமா. அதுவா படிக்க மாட்டேங்குது?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குக் காலைல என்கூட டிரெயின்ல வாங்க. எங்க ஆளுங்க இருக்காங்க, கேட்டுப் பாப்போம்" என்றாள்.

வியாழக்கிழமை காலை திருமுல்லைவாயில் நிலையத்தில் மூன்றாவது பெட்டிக்காக நின்றோம். தைப்பிங்கில் ரயில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் பெயரைத் தெரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆகும். இங்கே அடுத்த நிலையமான அம்பத்தூர் வருவதற்குள் எனக்கு எத்தனை பிள்ளைகள், சர்க்கரை எவ்வளவு, மூட்டு வலி வலதிலா இடதிலா என்பது வரை கேட்டு முடித்துவிட்டார்கள். கேட்டவர் தேசிங்கு. திருநின்றவூரில் ஏறி, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் நிலையத்தில் இறங்குகிற வெல்டர், என் வயதுக்காரர். அவருக்குப் பக்கத்தில் ஷீபா. நாகர்கோவில் பெண், கணினிக் கம்பெனி வேலை, பட்டாபிராமில் வாடகைக்கு இருக்கிறாள். இவர்கள்தான் கலாவின் ஆளுங்க.

மூன்று பேர் மடியிலும் புத்தகம். மூன்றுக்கும் பள்ளிக்கூட நோட்டுப் போலப் பழுப்புத் தாளில் அட்டை. உள்ளே பெயர் போட்ட பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்திருந்தது. இதென்ன, ஏதாவது ஏடாகூடமான புத்தகமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சே சே! அது ஒரு பெரிய சண்டை அண்ணாத்தே" என்றார் தேசிங்கு. "முன்னாடிலாம் பேரைப் பாத்த ஒட்னே, எழுதுனவன் எந்த ஊரு, இன்னா ஆளு, எந்தக் கட்சின்னு ஆராய்ச்சி பண்ண ஆரமிச்சிடுவானுங்க. புக்கை எவனும் படிக்கிறதில்ல. அதான் மூடிட்டோம். மொதல்ல படி. முடிச்சிட்டு அப்பால பின்னைக் கயட்டிப் பாத்துக்கோ."

முடித்தவர் எழுதியவரின் பெயரை வண்டியில் உச்சரிக்கவும் கூடாதாம். அதனால் இந்தக் கட்டுரையிலும் ஒரு பெயரும் வராது. எனக்கும் வசதி, பெயர்கள் எனக்கு ஞாபகம் நிற்பதில்லை.

இவர்கள் புத்தகத்தை நல்லது, சுமார் என்று சொல்வதில்லை. எல்லாம் நிலையக் கணக்குதான். "இது வில்லிவாக்கம் வரைக்கும் கொஞ்சம் இழுக்கும்" என்பார்கள். "இது கொரட்டூர் தாண்டினா கீழ வைக்க முடியாது" என்பார்கள். படித்துக்கொண்டே இறங்க வேண்டிய நிலையத்தை யாராவது தவறவிட்டால், கொண்டுபோய் விட்ட நிலையத்தின் பெயரை அட்டையின் உள்பக்கம் எழுதுவார்கள். அதுதான் ஒரு புத்தகத்துக்கு இங்கே கிடைக்கிற உச்சபட்ச மரியாதை.

கலா என் கதையைச் சொன்னாள். ஷீபா உடனே பையைத் திறந்தாள். வளைகுடாவில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் தன் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதியது, தமிழில் வந்திருக்கிறது, அழுகையும் சிரிப்பும் சரிபாதி என்றாள். "ஆஸ்பத்திரி வேண்டாம்மா, அவ போதுமான அளவுக்குப் பார்த்துட்டா" என்றேன். ஷீபா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேசிங்கு ஒன்று சொன்னார். வருங்காலத்தில் ஒரு நகரம், ஒவ்வொரு தெருவுக்கும் குலுக்கல் போட்டு ஒரு மணி நேரம் மழை விடுவார்கள், ஒரு தெருக்காரர்கள் பக்கத்துத் தெரு மழையைத் திருடுகிறார்கள். கேட்கவே நன்றாக இருந்தது. அவரே இன்னொன்றும் சொன்னார். பூட்டிக் கிடக்கிற வீட்டில் கரண்ட் மீட்டர் மட்டும் ஓடியிருக்கிறது. ரீடிங் எடுக்க வந்தவன் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கொலையைக் கண்டுபிடிக்கிறான். ஷீபா மறுபடி ஒன்றை நீட்டினாள், எழுத்தே இல்லாமல் படமாகவே வரைந்த புத்தகம். ஒரு ஏரி பக்கத்துக்குப் பக்கம் சுருங்கி மனைகளாகிப் போகிற கதை.

"எல்லாத்தையும் கொடுங்க, கொண்டுபோய் அவ முன்னால வைக்கிறேன்" என்றேன்.

"இன்னா அண்ணாத்தே" என்றார் தேசிங்கு, ஏதோ நான் அவர் சட்டைப் பையில் கைவிட்டதுபோல. "நீ படிச்சியா?"

"நான் எங்கே படிச்சேன்?"

"படிக்காத புக்கை எப்டிக் குடுப்பே? முடிக்காம கை மாத்தக் கூடாது, அதான் இங்க ரூலு. நாளைக்கு உன் ஊட்டுக்காரம்மா, 'இதுல இன்னா கீது, ஏன் எனக்குக் குட்த்தே'ன்னு கேட்டா இன்னா சொல்லுவே? டிரெயின்ல எவனோ குட்த்தான்னு சொல்லுவியா?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நோயில் கிடந்த பெண்ணுக்கு ஒரு புத்தகம் கேட்டால் சட்டம் பேசுகிறாயா என்று கத்தினேன். பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கலா என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் ஜன்னல் வழியே பட்டரவாக்கத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஷீபாதான் மெல்ல, "படம் போட்ட புக்ல ஆரம்பிங்க அங்கிள், எழுத்தே இல்ல" என்றாள்.

நானே படித்துவிடுகிறேன் என்று அதையும் தேசிங்குவின் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். திரும்பி வருகிற வண்டியில் பத்தே நிமிடத்தில் அந்த ஏரிப் புத்தகத்தை முடித்தேன். இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே பெருமை. மாலையில் கலாவின் போனிலிருந்து தேசிங்குவைக் கூப்பிட்டு முடித்துவிட்டதாகச் சொன்னேன். "கொக்கைப் பாத்தியா?" என்றார். எந்தக் கொக்கு? மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கிறது ஐயா, ஒரு கொக்கு! கடைசிப் பக்கத்தில் ஏரி இல்லை, அது ஒரு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் நிற்கிறது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கலாவின் வீட்டு மாடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வசந்திக்கு இது வேண்டாம் என்று முடிவு செய்தேன், ஆனால் நீங்கள் பாருங்கள், கட்டாயம் இரண்டு முறை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன், கல்யாண வீட்டைப் பார்த்துவிட்டு வர. கையில் மீட்டர்க்காரன் கதை. பருத்திப்பட்டு தாண்டியதும் பஸ் டொக் என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. சத்தத்தை வைத்தே பெல்ட் அறுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். டிரைவரும் கண்டக்டரும் இறங்கி இஞ்சினுக்குள் தலையை விட்டார்கள். ஆண்கள் எல்லாரும் இறங்கி யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். மிளகாய்த்தூள் தடவிய கொய்யாக்காரம்மா எங்கிருந்தோ வந்துவிட்டார். நான் ஒரு கொய்யாவை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். அந்த வீட்டுக்குள் யாரோ அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கிறான் என்பதை மீட்டர்க்காரன் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தான்.

முன் இருக்கையில் ஒரு தெலுங்குத் தம்பதி. என்னோடு வண்டியில் கிளீனராக ஓடியவர் தெலுங்கர், அதனால் எனக்குக் கொஞ்சம் புரியும். "பஸ் நின்னு போச்சு, அந்தப் பெரியவர் பாட்டுக்குச் சிரிக்கிறாரே, மண்டையில் ஏதாவது கோளாறா?" என்று அந்தம்மா கேட்டார். "வெளிநாட்டு ஆள் மாதிரித் தெரியுது, அங்கெல்லாம் அப்படித்தான்" என்றார் கணவர். மாற்றுப் பஸ் வந்து சேர்வதற்குள் கொலைகாரனை நானே கண்டுபிடித்துவிட்டேன். வாழ்க்கையில் முழுதாக முடித்த முதல் புத்தகம்! பெட்டியில் வைத்துக் கொண்டு போகலாம்தான். ஆனால் நானே கண்டுபிடித்த கொலைகாரனை வசந்தி பத்தாம் பக்கத்தில் பிடித்துவிடுவாள். கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். வேண்டாம்.

சனிக்கிழமை மூன்றையும் திருப்பிக் கொடுக்க மறுபடி வண்டி ஏறினேன். மழைத் திருட்டுப் புத்தகத்தை முந்தின நாள் சாயங்காலமே தொட்டுப் பார்த்தேன், வில்லிவாக்கம் வரைகூட என்னால் போக முடியவில்லை. தேசிங்கு அதை மன்னித்தார். திங்கட்கிழமை எனக்கு விமானம், கையில் ஒன்றும் இல்லை. என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டோ என்னவோ, சென்ட்ரலில் இறங்கும்போது கலா தன் பையிலிருந்து மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள். "குஜராத்திலேர்ந்து தமிழுக்கு வந்தது" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் போய்விட்டாள்.

திரும்பும் வண்டி காலியாக இருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பிரித்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு லாரி கிளம்புகிறது. அட, நம்ம ஆள் என்று உற்சாகமாகிவிட்டேன். ஆனால் கதை லாரியோடு போகவில்லை, வீட்டில் நின்றுவிட்டது. லாரிக்காரன் பெண்டாட்டியின் கதை அது. புருஷன் கிளம்பிப் போனதும் அவள் அழுதுகொண்டு காத்திருப்பாள் என்று பார்த்தால், அந்தம்மா கால் நீட்டி உட்காருகிறாள். தனக்குப் பிடித்ததைச் சமைக்கிறாள். ஆசைக்கு ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியோடு வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். பதினோராம் நாள் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு எழுந்து நிற்கிறாள். அவன் மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. பிரியத்தோடுதான் எழுந்து நிற்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தபோது வண்டி நின்றிருந்தது. பெட்டியில் யாரும் இல்லை. பலகையில் திருநின்றவூர் என்று எழுதியிருந்தது. திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு திருப்பத்தைக்கூடத் தவறவிடாதவன் நான். பிளாட்பாரத்தில் இறங்கி, வெயிலில் நின்றுகொண்டே வசந்திக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?" என்றாள்.

"திருநின்றவூர்ல."

"அங்க என்ன வேலை?"

"ஸ்டேஷனை விட்டுட்டேன்."

"தூங்கிட்டீங்களா?"

"படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"யாரு, நீங்களா?" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. எவனோ எவளோ எழுதி வைத்திருக்கிறது பார் என்று முழுக் கதையையும் கொட்டினேன். ஒருத்தன் கண் விழித்து மழையிலும் மலையிலும் வண்டி ஓட்டுவானாம், அவன் வீட்டில் இல்லாதபோது இவள் ஊறுகாய் தொட்டுக்கொண்டு சந்தோஷமாக இருப்பாளாம், நியாயமா இது என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஏதோ சத்தம். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். இல்லை, சிரிக்கிறாள். ஏழு மாதத்துக்கும் மேலே ஆகிறது அந்தச் சிரிப்பைக் கேட்டு. சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

"நீயும் அப்படித்தான் இருந்தியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"நீங்க போனதும் புத்தகத்தை எடுப்பேன்" என்றாள் வசந்தி. "உங்க வண்டி சத்தம் கேட்டா பக்கத்தை மடிச்சு மூடி வைப்பேன். சோறு போடணும்ல."

"எத்தனை வருஷமா?"

"நீங்க லாரி ஓட்டின வரைக்கும்தான். அப்புறம் நீங்க எங்க வெளிய போனீங்க, எப்பவும் வீட்டுலதானே!" என்று சொல்லி இன்னொரு முறை சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "அது சரி, அந்தம்மா கடைசில என்ன பண்றா?"

"இன்னும் முடிக்கலை. கொஞ்சம் பாக்கி இருக்கு."

"முடிக்காம எதுக்கு எனக்குப் போன் போட்டீங்க? போய்ப் படிங்க" என்று வைத்துவிட்டாள்.

அங்கேயே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முடித்தேன். மூன்று வண்டிகள் வந்து போயின. முடிவைச் சொல்ல மாட்டேன். கடைசி நாலு பக்கத்தை இரண்டு முறை படித்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். அட்டையின் உள்பக்கம் எனக்கு முன்னால் இரண்டு பேர் வேறு வேறு நிலையத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். டீக்கடையில் பேனா வாங்கித் திருநின்றவூர் என்று எழுதினேன். வீட்டுக்கு வந்து கலாவிடம், அக்காவுக்கு ஏற்ற புத்தகத்தைக் கடைசி வரை ஒளித்து வைத்திருந்தாயே என்று சண்டைக்குப் போனேன். "அக்காவுக்குன்னு யார் சொன்னது? அது உங்களுக்குக் குடுத்தது மாமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரியாணி பிரமாதம், மைக்செட் கொடுமை. திங்கட்கிழமை அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகத்தைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பறந்தேன்.

தைப்பிங்கில் வசந்தி அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "யார் எழுதினது?" என்றாள். முடித்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்று சட்டத்தைச் சொன்னேன். "நல்ல சட்டம்" என்று மேசை மேல் வைத்தாள். புதன்கிழமையும் அது மேசை மேல்தான் இருந்தது. வியாழக்கிழமையும். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மன்றத்துக்காரர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கடைத்தெருவுக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பினேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். கேட்டைச் சத்தமாகத் திறந்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டேன். வேண்டுமென்றே இருமினேன்.

வசந்தி ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். மடியில் அந்தப் புத்தகம், பாதிக்கு மேல் தாண்டியிருந்தாள். அவள் நிமிரவில்லை. பக்கத்தை மடிக்கவில்லை, மூடவும் இல்லை. ஒரு கையை மட்டும் என் பக்கம் தூக்கி, "இருங்க" என்றாள்.

இருந்தேன்.